ஆண்பிள்ளை என்றால் யார்?

(தோல் ஷாப்புத் தொழிலாளர்களும் ஷூ கம்பெனித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஆம்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



புதிய கோரிக்கைப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ், தொட்டி சுத்தம் செய்ய இயந்திரம் ஆகிய கோரிக்கைகளில் நம்மிடையே அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் இரண்டு கோரிக்கைகளைப் படித்தபோது கிளைக் கூட்டங்களில் சிரிப்பு எழுந்தது. ஒன்று, மனைவிக்குப் பிரசவமானால் தகப்பனுக்குச் சம்பளத்துடன் 15 நாள் லீவு. இன்னொன்று, குழந்தைகள் காப்பகத்தில் ஆண் தொழிலாளியின் குழந்தைக்கும் இடம். "பிள்ளை பெறுவது அவளா, நாமா?" என்று ஒரு தோழர் கேட்டார். கேட்டவர் சாதாரண ஆள் அல்ல. சங்கத்துக்காக வேலை இழந்தவர், போலீஸ் தடியடி பட்டவர். அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். கூலி கேட்டால் சிரிக்காத தொழிலாளி, பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள லீவு கேட்டால் ஏன் சிரிக்கிறான்? ஆண்பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனதில் ஒரு சித்திரம் இருக்கிறது. முறுக்கிய மீசை, உரத்த குரல், அழாத கண், அடுப்படிப் பக்கம் போகாத கால். இந்தச் சித்திரத்தை எழுதியவன் யார்? இதனால் லாபம் யாருக்கு? மற்ற எல்லா விஷயத்திலும் நாம் கேட்கிற கேள்விதான். இதிலும் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் தொட்டியை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு மயிர் நீக்குகிறோம். அந்தக் கழிவுத் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. அடியில் சேறு படிகிறது. நாள்பட்ட சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கிளம்புகிறது. அமிலத் தண்ணீர் அதில் கலந்துவிட்டால் இன்னும் வேகமாகக் கிளம்பும். அழுகின முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த வாயுவுக்கு ஒரு துரோக குணம் உண்டு. கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாற்றம் தெரியும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து இறங்குகிறவன் இரண்டு மூச்சில் சாய்ந்துவிடுகிறான். மேலே நிற்கிற கூட்டாளி அவனைத் தூக்க இறங்குகிறான், அவனும் சாய்கிறான். ஒரே தொட்டியில் இரண்டு பிணம், மூன்று பிணம் என்று செய்தி வருவதன் காரணம் இதுதான்.

இறங்குவதற்கு முன்னால் வாயுவை அளக்கும் கருவி வேண்டும். உள்ளே காற்று ஊதும் இயந்திரம் வேண்டும். வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி, இடுப்புக் கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இரண்டு பேர் வேண்டும். மனிதன் இறங்காமல் இயந்திரமே சேற்றை இழுத்துவிட்டால் இவை ஒன்றும் வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் முதலாளிக்குச் செலவு. ஆனால் செலவே இல்லாத ஒரு கருவி மேஸ்திரியின் வாயில் இருக்கிறது. "என்னடா தயங்கறே? ஆம்பிளைதானே நீ? இறங்குடா!" இந்த ஒரு வார்த்தையில் முகமூடியின் விலை மிச்சம். இறங்க மறுத்தவனைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியே சிரிக்கிறான் என்றால் மேஸ்திரிக்கு வேறென்ன வேண்டும்?

வீரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் 2015 ஜனவரி 31ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். தூங்குகிற மனிதன் என்ன வீரத்தைக் காட்டுவான்?

ஆகவே, "கருவி கொண்டு வா, அதுவரை நான் இறங்கமாட்டேன்" என்று சொல்லும் தொழிலாளியைக் கோழை என்று பேசுவதை நம் வட்டாரத்தில் நிறுத்த வேண்டும். சாயங்காலம் வாசலில் "நைனா" என்று ஓடிவரும் குழந்தைக்கு அவன் உயிரோடு வேண்டும். பிள்ளைக்காகப் பயப்படுவது ஒரு குற்றமா? அப்படி மறுத்தவனுக்காகச் சங்கம் முழுவதும் நிற்கும் என்றால் மேஸ்திரியின் அந்த வார்த்தை அன்றோடு செல்லாக்காசு.

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு இந்த வார்த்தையின் இன்னொரு பக்கம் நன்றாகத் தெரியும். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளை மிராசுதார் எப்படி நடத்தினான்? மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்தான், சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தான். தனியாகக் கூப்பிட்டா செய்தான்? இல்லை. களத்தில், எல்லோரும் பார்க்க, மனைவி பார்க்க, பிள்ளை பார்க்கச் செய்தான். காரணம் இருக்கிறது. தகப்பன் அடிபடுவதைப் பார்த்த பிள்ளை, பத்து வயதில் மாடு மேய்க்கப் போகும்போதே முதுகு வளைந்து போவான். அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து ஒரே சவுக்கு போதும். சேரிச் சிறுவன் மிராசுதார் வீட்டுப் பிள்ளையைக்கூட "சின்னய்யா" என்று கூப்பிட வேண்டும். அந்தச் சின்னய்யாவோ சிறுவனின் பாட்டனை "டேய்" என்பான்.

1940களில் தோழர் பி. சீனிவாசராவ் அங்கே போனார். கன்னடம் தாய்மொழியாகக் கொண்ட மனிதர். சேரியில் தங்கி, சேரிச் சோற்றைத் தின்று, செங்கொடியை நட்டார். அடித்தால் வாங்கிக்கொள்ளாதே என்று சொல்லிக் கொடுத்தார். 1944ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றன. 1952ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஜில்லாவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது அப்போதுதான். அவன் நிமிர்ந்தது மீசையால் அல்ல. பக்கத்தில் நூறு பேர் சேர்ந்து நின்றதால் நிமிர்ந்தான். அந்த நூறு பேரில் பெண்களும் இருந்தார்கள். நடவு நட்ட கையோடு கொடியும் பிடித்தார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கொஞ்சம் கசப்பான பேச்சு, பொறுத்துக் கேளுங்கள்.

வெளியே குனிய வைக்கிறவன், குனிகிறவனுக்கு ஒரு லஞ்சமும் கொடுக்கிறான். "ஷாப்பில் நான் ராஜா. உன் வீட்டில் நீ ராஜாவாக இருந்துகொள். நான் கேட்கமாட்டேன்." இதுதான் அந்த லஞ்சம். கூலியில் குறைத்ததை அதிகாரமாகக் கொடுக்கிறான். அதுவும் அவன் வீட்டுச் சொத்திலிருந்து அல்ல, நம் மனைவியின் முதுகிலிருந்து. மானேஜரிடம் வாய் திறக்காதவன் இரவு வீட்டில் தட்டைத் தூக்கி எறிகிறான். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் ராஜ்யத்தில் கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் புருஷனிடம் வன்முறை அனுபவித்தவர்கள். இவர்களை அடித்தவர்கள் எல்லோரும் மிட்டா மிராசு இல்லையே! நம்மைப் போன்ற உழைப்பாளிகளும் அதில் இருக்கிறார்கள். குடிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். குடி பெரிய காரணம்தான். 2023-24ஆம் வருஷத்தில் டாஸ்மாக் கடைகள் மூலம் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். இதில் நம் கூலிப் பணம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். குடித்தவன் மேஸ்திரியை அடிப்பதில்லை, போலீஸ்காரனை அடிப்பதில்லை. தேடிப்பிடித்து மனைவியைத்தான் அடிக்கிறான். எந்தக் கை யார் மேல் ஓங்கலாம் என்பது எவ்வளவு போதையிலும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில், ஆண்மை என்ற எண்ணமே அழிய வேண்டும் என்று வாதாடினார். அவர் 1973 டிசம்பர் 24ல் காலமானது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1884ல், எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், வீட்டுக்குள் புருஷன் முதலாளியின் இடத்திலும் மனைவி தொழிலாளியின் இடத்திலும் இருப்பதைக் காட்டினார். பெரியாரோடு நமக்கு வேறு விஷயங்களில் விவாதம் உண்டு. இதில் அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம்: அந்த எண்ணம் ஆகாயத்தில் தொங்கவில்லை, அதில் லாபம் பார்க்கிறவன் இருக்கிறான். அவனோடு சண்டை போடாமல் அது அழியாது. அதே மாதிரி, அது வீட்டுக்குள் இருக்கிறவரை அவனோடு போடும் சண்டையும் பாதிச் சண்டைதான். சங்கத்தின் பாதிப்பேர் அடுப்படியில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் இருபது முப்பது வருஷத்தில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பாலாற்றங்கரைக் கிணறுகளைத் தோல் கழிவு கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. கெட்ட நிலத்தோடு கூலி வேலையும் போயிற்று. அந்தக் கூலிக்காரக் குடும்பங்களிலிருந்து பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போனார்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் பெரும்பாலும் அவர்கள்தான். கிராமத்துச் சாலையில் இருட்டோடு கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. அதற்குள் அவள் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டு ஓட வேண்டும். மாலை திரும்பி வந்தால் மறுபடி அதே அடுப்பு. ஷாப்பில் வேலை இல்லாத நாளில் புருஷன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறி என்று நாம் சொல்லமாட்டோம். வீட்டில் இருக்க அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் "பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்" என்று தெரு பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

சரி, அவன் பெஞ்சில் இருக்கும்போது குழந்தையை யார் பார்க்கிறார்கள்? கிழவி இருந்தால் கிழவி. இல்லாவிட்டால் பத்து வயது மூத்த பெண். பள்ளிக்கூடத்தில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழுகிறது. ஒரு மாதம், இரண்டு மாதம், பிறகு பெயரே அடிபடுகிறது. தோழர்களே, இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தகப்பனின் மீசைக்கு மகளின் படிப்பு விலையாகப் போயிருக்கிறது! முதலாளி கேட்கவில்லை, சர்க்கார் கேட்கவில்லை. நம் தெருவின் நாக்குக்குப் பயந்து நாமே கொடுத்திருக்கிறோம்.

பிள்ளை தகப்பனின் சொத்து என்ற எண்ணம் இன்னும் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் குடியாத்தம் பகுதித் தோழர்கள் அறிவார்கள். பீடித் தொழிலில் முன்பணம் வாங்கிக்கொண்டு குழந்தையை ஏஜெண்டு வீட்டில் விட்ட காலம் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. அதற்கு இருபது வருஷம் கழித்து, 1996ல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் வட ஆற்காட்டுப் பீடிக் குழந்தைகள் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. வைத்தியச் செலவு, கல்யாணச் செலவு, சாவுச் செலவு என்று கடன். அந்தத் தகப்பன்மாரை அரக்கர்கள் என்று பேசுவது பணக்காரர்களின் வழக்கம். நாம் அப்படிப் பேசமாட்டோம். அடகு வைக்க வேறு எதுவும் இல்லாத நிலைக்கு அவர்களைத் தள்ளியவன் வேறொருவன். ஆனால் கடன் வாங்கும்போது அந்தத் தாயின் வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்டார்கள்?

பிள்ளை தகப்பனை எப்படிப் பார்க்கிறான் என்ற விஷயமும் இருக்கிறது. நம் தோலின் நாற்றம் சோப்பு போட்டாலும் போகாது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தயங்கும் தகப்பன்மார் நம்மில் எத்தனை பேர்? 1977-78ல் மத்திய சர்க்கார் ஒரு கல்வி உதவித் திட்டம் தொடங்கியது. மலம் அள்ளுவோர், தோல் உரிப்போர், தோல் பதனிடுவோர் பிள்ளைகளுக்கு உதவித் தொகை. நல்ல காரியம்தான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: சுகாதாரமற்ற தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான உதவித் தொகை! "என் தகப்பன் அசுத்தமான தொழில் செய்கிறார்" என்று சர்ட்டிபிகேட் வாங்கி வந்து வாத்தியாரிடம் பிள்ளை நீட்ட வேண்டும். இங்கே தைத்த பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு ஐரோப்பாவில் நடக்கிறவனுக்கு அசுத்தம் இல்லை. பிற்காலத்தில் மத்திய சர்க்கார் அந்தப் பெயரை மாற்றிவிட்டது. தொழிலைச் சுத்தமாக்கும் வேலை பாக்கி இருக்கிறது. பிள்ளையிடம் நம் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். பச்சைத் தோல் எப்படி வருகிறது, குரோம் எப்படி ஏறுகிறது, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் நம் பாட்டன்மார் எப்படிப் பதனிட்டார்கள், ஒரு ஜோடி பூட்ஸில் நமக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பிள்ளை நம்மைவிட நன்றாகப் போடுவான்.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தாய்மார்கள் இருக்கிறார்கள் என்று மறைக்கத் தேவையில்லை. மேலே சொன்ன அதே கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 100க்கு சுமார் 58. ஆண்கள்? 1000க்கு ஒருவர். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குச் சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். 1950களின் பிற்பகுதியில் ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் செய்வதில் முன்னணியில் நின்றது நம் சென்னை ராஜ்யம்தான். அவசரநிலைக் காலத்தில், 1976-77 ஒரே வருஷத்தில், தேசம் முழுவதும் 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் செய்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள்; பலவந்தத்துக்கும் மிரட்டலுக்கும் ஆளான ஏழைகள் ஏராளம். அந்த ஞாபகம் நியாயமான ஞாபகம். ஆனால் இன்று நம்மவர்கள் மறுப்பது அதற்காகவா? "ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது" என்று சொல்லி மறுக்கிறார்கள். இரண்டும் பொய் என்று எந்த டாக்டரும் சொல்வார்.

இனி அந்த இரண்டு கோரிக்கைகள். மத்திய சர்க்கார் ஊழியருக்கு 1997 முதல் மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் சம்பள லீவு உண்டு. ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தகப்பன், டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பவன் தகப்பன் இல்லையா? 2017ல் பிரசவச் சட்டத்தைத் திருத்தி, தாய்க்கு 26 வாரம் ஆக்கினார்கள், நல்லது. அதில் தகப்பன் பெயரே இல்லை. 2025 நவம்பர் 21ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றிலும் தகப்பனுக்கு ஒரு நாள் கிடையாது. ஸ்வீடனில் தகப்பனும் எடுத்துக்கொள்ளக்கூடிய பிள்ளை வளர்ப்பு லீவு 1974லேயே வந்துவிட்டது.

காப்பகக் கதையும் இப்படித்தான். 1948ஆம் வருஷத்து பாக்டரி சட்டம் பெண் தொழிலாளரை எண்ணித்தான் காப்பகம் வைக்கச் சொன்னது. ஆணுக்குக் குழந்தை இருப்பதாகவே அந்தச் சட்டத்துக்குத் தெரியவில்லை! 2017 திருத்தத்தில், ஆணோ பெண்ணோ 50 பேர் வேலை செய்தால் காப்பகம் என்றார்கள். ஆனால் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கும் உரிமை தாய்க்கு மட்டும். முதலாளிக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குழந்தை என்றால் பெண்ணின் சுமை என்று இருக்கிறவரை, பிள்ளைத்தாய்ச்சியை வேலைக்கு எடுக்காமல் விடலாம், எடுத்தவளை நிறுத்தலாம், "உனக்கு இனிமேல் முடியாதம்மா" என்று தேன் தடவிச் சொல்லலாம். எந்தத் தொழிலாளியை எடுத்தாலும் பிள்ளை வந்தால் லீவு, எந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் காப்பகத்தில் இடம் என்று ஆகிவிட்டால் பெண்ணைக் கழித்துக்கட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது. ஆகவே இது பெண்களுக்குப் போடும் பிச்சை அல்ல. நம் வீட்டு வருமானத்தில் பாதியைக் காப்பாற்றும் கோரிக்கை.

"15 நாள் லீவு கொடுத்தால் அவன் சீட்டாடப் போய்விடுவான்" என்று ஒரு தாய் கூட்டத்திலேயே சொன்னார். அதற்கும் பெரிய சிரிப்பு. அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சட்டம் லீவுதான் கொடுக்கும். துணி அலசச் சொல்லிக்கொடுக்காது. 1920ல் லெனின் கிளாரா ஜெட்கினோடு பேசும்போது இதே குறையைச் சொன்னார். புரட்சி நடத்திய நாட்டில்கூட, தொழிலாளி புருஷன் வீட்டு வேலையில் கை கொடுத்தால் மனைவிக்கு எவ்வளவு பாரம் குறையும் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் சிலரே என்பது அவர் வருத்தம். யுத்தமும் பஞ்சமும் சூழ்ந்த அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு இதைப் பேச நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

வேலைத் திட்டம் இதுதான். கையெழுத்துத் தாள்கள் கிளைச் செயலாளர்களிடம் இருக்கின்றன. இந்த இரண்டு கோரிக்கைகளும் கூலி உயர்வுக்கு அடுத்த இடத்தில் அச்சாகியிருக்கின்றன, கடைசியில் தள்ளவில்லை. ஷூ கம்பெனிப் பெண் தோழர்களும் தோல் ஷாப்புத் தோழர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும், தனித்தனித் தாள் வேண்டாம். கிராமங்களில் பெயர் நின்றுபோன பெண் குழந்தைகளின் பட்டியலை விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் எடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு வீடாகப் போக வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிவரலாம். அன்று பெண் தோழர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பேசுவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்களில் நான்கு பேர் வேண்டும்; பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே கொடுக்கலாம்.